அசரியா பேராயரைப் பற்றி மலருக்குக் கட்டுரை எழுதுவது எப்படி

நம் சபைச் சேகரத்தில் ஆலயப் பிரதிஷ்டையின் நூறாவது வருடம் வரும், இல்லாவிட்டால் மிஷனரி ஞாயிறு வரும், மலர்க் குழுவில் ஒருவர் உங்களைப் பார்த்து "நீங்க எழுதுற ஆளுதானே, அசரியா ஐயரைப் பத்தி ஒரு நாலு பக்கம் கொடுத்துருங்க" என்று தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவார். நாமும் உட்கார்ந்து, இணையத்தில் கிடைக்கிற நாலைந்து பக்கங்களைத் திறந்து, முதல் இந்தியப் பேராயர், முதல் அது, முதல் இது என்று அடுக்கி, கடைசியில் "அன்னாரது தியாகம் என்றும் நிலைத்திருக்கும்" என்று முடித்துக் கொடுத்துவிடுவோம். மலரும் அச்சாகும், யாரும் படிக்க மாட்டார்கள். படிக்கிற மாதிரி எழுத என்ன செய்யலாம் என்று பார்ப்போம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தெலுங்கு நாட்டுக்கு மிஷனரியாகப் போய் அங்கேயே பேராயரான அசரியாவை வைத்துத்தான் சொல்கிறேன், ஆனால் கால்டுவெல், சார்ஜெண்ட் என்று எந்த மிஷனரிப் பேராயரை எடுத்தாலும் பெரும்பாலும் இதே வேலைதான்.

முதலில் ஒரு முடிவு எடுங்கள்: நீங்கள் எழுதப்போவது பேராயரையா, மிஷனரியையா? என் கட்சி மிஷனரி பக்கம். பேராயர் என்று ஆரம்பித்தால் பட்டம், பதவி, மாநாடு, அங்கி, அதோடு கட்டுரை தீர்ந்துவிடும். மிஷனரி என்று ஆரம்பித்தால் சில கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டி வரும். யாரிடம் போனார்? யார் செலவில் போனார்? கூட யார் போனார்கள்? போன இடத்தில் அவரை யார் விரும்பவில்லை? ஒரு தாளில் இந்த நாலு கேள்வியையும் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் வருகிற ஒவ்வொரு பத்தியும் இதில் ஏதாவது ஒன்றுக்காவது பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வெட்டிவிடலாம்.

அடுத்தது எலும்புக்கூடு. தேதிகளைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கட்டுரைக்குள் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்ட் 17 அன்று வெள்ளாளன்விளையில் பிறந்தார், அப்பா தாமஸ் வேதநாயகம் அந்த ஊர்க் குருவானவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படிப்பு, 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் செயலர் வேலை, 1898இல் அன்பு மரியம்மாளோடு திருமணம். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம். 1905 கிறிஸ்துமஸ் அன்று சேராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம். 1909இல் குருப்பட்டம், 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு, 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில், தெலுங்கு நாட்டு டோர்ணக்கலுக்குப் பேராயராக அபிஷேகம். 1945 ஜனவரி 1 அன்று டோர்ணக்கலில் மரணம்.

இந்தப் பட்டியலிலேயே ஆட்கள் வழுக்கி விழுகிற இடங்கள் இருக்கின்றன. 1903க்கும் 1905க்கும் குழப்பம் ரொம்ப சகஜம். முன்னது திருநெல்வேலிக்காரர்கள் தங்களுக்குள் தொடங்கிய சங்கம், பின்னது இந்தியா முழுமைக்குமானது, மிஷனரி வில்லியம் கேரி வேலை செய்த வங்காளத்துச் சேராம்பூரில் தொடங்கியது. இரண்டிலும் அசரியா இருந்தார் என்பதால் ஒன்றாக்கிவிடாதீர்கள். "முதல் இந்தியப் பேராயர்" என்று மொட்டையாக எழுதுவதும் தப்பு. கேரளத்துச் சிரியன் சபைகளில் அதற்கு வெகுகாலம் முன்பே இந்திய ஆயர்கள் இருந்தார்கள், கத்தோலிக்க சபையிலும் இருந்தார்கள். ஆங்கிலிக்கன் சபையில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த சபையில், முதல் இந்தியப் பேராயர் என்று எழுதினால் சரி. இன்னொன்று, "தென்னிந்தியத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர்" என்று ஃபிளெக்ஸ் பேனரிலேயே போட்டுவிடுகிறார்கள். ஆங்கிலிக்கன் சபையும் வேறு சில சபைகளும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27, மனிதர் அதற்கு இரண்டேமுக்கால் வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அதேபோல் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போடாதீர்கள், உடம்பு சரியில்லாமல் போய்க் கடைசித் தேர்வு எழுதாமலேயே கல்லூரியை விட்டவர் அவர். டாக்டர் போடலாம், 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்திருக்கிறது.

எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் இன்றைக்கும் நடக்கிறது, அங்கே போய்க் கேட்கலாம். திருநெல்வேலித் திருமண்டலத்தின் (ஒரு பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி) பழைய 'நற்போதகம்' இதழ்கள் யாரிடமாவது கட்டுக் கட்டாக இருக்கும், பெரும்பாலும் ஓய்வுபெற்ற குருவானவர் வீட்டு அலமாரியின் மேல்தட்டில். பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் நல்ல ஆவணக் காப்பகம் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து மிஷனரிகளை அனுப்பிய சங்கங்களில் சி.எம்.எஸ். தாள்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. தாள்கள் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்திலும் இருக்கின்றன, நாலு பக்கக் கட்டுரைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஆனால் பழைய மிஷனரிப் பத்திரிகைகளும் ஆண்டறிக்கைகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தேடும்போது டோர்ணக்கல், தோர்ணக்கல், தோர்னகல் என்று எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள், ஊர்ப் பெயரை ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் ஊர் ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டை விட்டுவிடாதீர்கள். குருவானவரிடம் முறையாக அனுமதி கேட்டு, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, மேசையில் வைத்துத் திறங்கள். பெயர், பெற்றோர், ஊர், தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று கட்டம் கட்டமாக ஓடும். "தொழில்" கட்டத்தில் பத்து பக்கத்துக்குப் பனையேறி, பனையேறி, பனையேறி என்று வந்துகொண்டே இருந்து, திடீரென்று ஒரு இடத்தில் உபதேசியார் (சபை ஊழியர்) என்று வந்தால் அங்கே நின்று பாருங்கள். டோர்ணக்கலுக்குக் காணிக்கை அனுப்பிய சனங்கள் யார் என்பது அந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும், எந்தப் புத்தகமும் அதை அவ்வளவு பச்சையாகச் சொல்லாது.

சரி, எழுத ஆரம்பிப்போம். பிறப்பிலிருந்து தொடங்காதீர்கள். 1902இல் யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குங்கள். அசரியா ஒய்.எம்.சி.ஏ. வேலையாக அங்கே போகிறார். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் வெளியூருக்கு மிஷனரி அனுப்பிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். திருநெல்வேலியோ அதைவிடப் பெரிய சபை, ஊருக்கு ஊர் ஆலயம், பள்ளிக்கூடம், பத்துத் தலைமுறை பெருமை பேசும் அளவுக்கு வரலாறு, ஆனால் வெளியே ஒரு ஆளை அனுப்பியதில்லை. எல்லாம் வெள்ளைக்காரர் வந்து செய்தது, நாம் வாங்கிக்கொண்டது. அந்த வெட்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வருடமே சங்கம் தொடங்கியாயிற்று. இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம், இதுதான் விதி. வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்று 1903இல் ஒரு சபைக்காரர்கள் முடிவெடுப்பது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்கள் கட்டுரை வாசகருக்கு உறைக்க வேண்டும், கப்பலோட்டிய வ.உ.சி.யின் சுதேசிக் கம்பெனி தூத்துக்குடியில் வருவதற்கு மூன்று வருடம் முன்பு இது. அந்த ஒரு வரியை எழுதினால் போதும், சபைக்கு வெளியே இருக்கிறவரும் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்.

சங்கம் ஆள் அனுப்பிய இடம் ஹைதராபாத் நிஜாம் ராஜ்யம், டோர்ணக்கல் பக்கத்து மானுகோட்டா தாலுகா. தெலுங்கு பேசுகிற இடம், போகிறவர்களோ தேரிக்காட்டுத் தமிழர்கள். முதல் ஆள் 1904இல் போனார். அசரியா ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டு, குருப்பட்டம் பெற்று, அங்கேயே போய்க் குடியிருந்தது 1909இல். முப்பத்தைந்து வயதில் புதிதாக ஒரு மொழி படித்து அதில் பிரசங்கம் செய்வதென்றால் விளையாட்டு இல்லை. இதை ஒரு பத்தி நிதானமாக எழுதுங்கள்.

எடின்பரோவை எல்லோரும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், நீங்கள் அங்கே கூடாரம் போடுங்கள். 1910 ஜூன் மாதம், 1,200க்கு மேல் பிரதிநிதிகள், அதில் ஆசியக்காரர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். மிஷன் வேலையைப் பற்றிய மிகப் பெரிய கூட்டம், அந்த வேலை நடந்த நாட்டுக்காரர்களைக் கையில் எண்ணிவிடலாம். ஒரு மாலைக் கூட்டத்தில் அசரியா எழுந்து, இந்தியாவில் மிஷனரிகளும் இந்திய ஊழியர்களும் பழகுகிற விதம் சரியில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். மேலதிகாரி, கீழே வேலை செய்கிறவன் என்ற உறவுதான் இருக்கிறது, சிநேகம் இல்லை என்றார். முடிக்கும்போது அவர் பிடித்தது 1 கொரிந்தியர் 13. உங்கள் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் அந்த அதிகாரத்தை மனப்பாடம் பண்ணிய எவருக்கும் அடுத்த வரி என்னவென்று தெரியும். அன்பு இல்லாவிட்டால் இவ்வளவு கொடுத்தும் பிரயோஜனம் ஒன்றுமில்லை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, கேட்டவர்களுக்குப் புரிந்துவிட்டது, கூட்டத்தில் சிலருக்குக் கோபம் வந்ததும் அதனால்தான். மாநாட்டுத் தொகுதிகள் மொத்தம் ஒன்பது, இந்த உரை ஒன்பதாவதில் முழுசாக இருக்கிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தயவுசெய்து முழு உரையையும் படித்துவிட்டு எழுதுங்கள், கடைசி வரியை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். முதல் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

1912க்கு வரும்போது எதிர்ப்பையும் எழுதுங்கள். சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் இவர் பின்னால் நின்றார், ஆனால் ஒரு இந்தியர் பேராயராவதை ஐரோப்பிய மிஷனரிகளில் பலர் விரும்பவில்லை. நம்மவர்களிலும் விரும்பாதவர்கள் உண்டு, அதில் சாதியும் உண்டு. மலரில் இது வேண்டாமே என்று குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். விடாதீர்கள். எதிர்ப்பே இல்லாமல் எல்லோரும் கைதட்டி அனுப்பிவைத்தார்கள் என்று எழுதினால் எடின்பரோவில் அவர் பேசியதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். முதலில் அவருக்குக் கொடுத்த திருமண்டலமும் சின்னதுதான். 1920 வாக்கில் அது விரிவாகி, கிருஷ்ணா, கோதாவரிப் பக்கத்துச் சி.எம்.எஸ். பகுதிகளும் சேர்ந்தபோதுதான் வெள்ளைக்கார மிஷனரிகள் ஒரு தமிழருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டி வந்தது.

ஊழியம் எப்படி நடந்தது என்பதற்குப் பொதுவாக "கிராமம் கிராமமாகச் சென்று சுவிசேஷம் அறிவித்தார்" என்று எழுதுவோம். அது எந்த மிஷனரிக்கும் பொருந்துகிற வரி, ஆகவே ஒருவருக்கும் பொருந்தாது. பதிலாக ஒரு காட்சி போடுங்கள். மாட்டு வண்டியில் கிராமத்துக்கு வந்து இறங்குகிறார், கூட அன்பு மரியம்மாளும். ஞானஸ்நானம் பெற்றவர்களை, அவரவர் கையை அவரவர் தலைமேல் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். கூலி வேலை செய்து காய்த்துப் போன கைகள், இப்போதுதான் தண்ணீர் பட்ட தலைகள். அப்படியே நின்று, நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ என்று தெலுங்கில் சொல்ல வைக்கிறார். பொதுவாகப் பேராயர்தான் தலையில் கை வைப்பார், இங்கே அவரவர் கையே அவரவர் தலையில் இருக்கிறது. படிப்பு வராதவர், நேற்றுவரை ஊருக்குள்ளேயே விடாதவர், அவரும் அந்த நிமிஷத்திலிருந்து ஊழியக்காரர். சபை எப்படி அவ்வளவு வேகமாக வளர்ந்தது, அவர் காலத்திலேயே இரண்டு லட்சத்தைத் தாண்டியது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்தார். இரண்டு பேரும் தீண்டப்படாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்கள், ஆனால் தங்களுக்குள்ளும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட மாட்டார்கள். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து என்பது அங்கே எவ்வளவு கஷ்டமான விஷயம் என்று யோசியுங்கள். இந்த இடத்தில் நம் மிஷனரிக் கட்டுரைகளுக்கே உரிய ஒரு வியாதி வரும், "இருளில் கிடந்த மக்கள்", "அறியாமையில் உழன்றவர்கள்" என்று. வேண்டவே வேண்டாம். அவர்கள் என்ன கேட்டார்கள், எதற்காக வந்தார்கள் என்று எழுதுங்கள். பள்ளிக்கூடம் கேட்டார்கள், மரியாதை கேட்டார்கள், சிலர் சாமி கும்பிடுகிற இடத்துக்குள் நுழைய வேண்டும் என்றார்கள். பழைய மிஷனரிக் கடிதங்களை எடுத்தாளும்போதும் இது ஞாபகம் இருக்கட்டும், அவை பெரும்பாலும் இங்கிலாந்தில் சந்தா கொடுக்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை, ஆகவே கொஞ்சம் மெருகு கூடுதலாகவே இருக்கும்.

அன்பு மரியம்மாளுக்குத் தனிப் பத்தி கொடுங்கள். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்புக்குப் போன முதல் சிலரில் ஒருவர். "துணைவியாரும் உறுதுணையாக இருந்தார்" என்று ஒற்றை வரியில் மூடிவிடுகிற பழக்கத்தை எப்போதுதான் விடுவோமோ தெரியவில்லை. தெலுங்குப் பெண்களிடையே நடந்த வேலை அவர் கையில் இருந்தது.

காந்தியோடு வந்த உரசலை எப்படி எழுதுவது? பலர் பயந்து விட்டுவிடுவார்கள், சிலர் வீரம் காட்டுவார்கள். இரண்டும் வேண்டாம். 1935 அக்டோபரில் நாசிக் அருகே இயோலாவில் அம்பேத்கர், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார், அதற்குப் பிறகு மதமாற்றம் நாடு முழுக்கப் பேச்சாகிவிட்டது. 1936, 37இல் 'ஹரிஜன்' இதழில் காந்தி கூட்டமான மதமாற்றங்களை எதிர்த்து எழுதினார், தெலுங்குப் பகுதியும் அந்தச் சர்ச்சையில் வந்தது. காந்தியின் வாதம் ஒரு பக்கம், ஒடுக்கப்பட்டவர்கள் தாங்களே யோசித்து முடிவெடுக்கக் கூடியவர்கள் என்ற அசரியாவின் வாதம் மறுபக்கம். இரண்டையும் அவரவர் பலத்தோடு நாலு நாலு வரி எழுதுங்கள். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டாம் என்றவர் அசரியா. சபை தனக்குள்ளேயே சுருங்கிப்போகும் என்பது அவர் பயம். அவரை ஏதோ ஏகாதிபத்தியத்தின் ஆள் என்று யாராவது சொன்னால் இந்த ஒரு தகவலே போதும்.

பேராலயம் பற்றிச் சுருக்கமாக. டோர்ணக்கல் பேராலயம் 1939 ஜனவரி 6 அன்று, பிரசன்னத் திருநாளில், பிரதிஷ்டை ஆனது. மசூதி மாதிரிக் கும்மட்டமும் மினார்களும், கோயில் மண்டபம் மாதிரிக் கல் தூண்கள், தூண்களில் தாமரை. புகைப்படம் போட்டால் தூணைக் கிட்டத்தில் எடுத்த படம் போடுங்கள், முகப்புப் படம் எல்லோரிடமும் இருக்கிறது. நேரில் போக முடிந்தால் போய் வாருங்கள். விஜயவாடா–காசிப்பேட்டை பாதையில் டோர்ணக்கல் ஜங்ஷன், எல்லா விரைவு ரயிலும் நிற்காது, கம்மத்தில் இறங்கிப் போவது சுலபம். தெலுங்கு தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கே இருக்கிற பெரியவர்கள் சொல்வதைக் கேட்காமல் கல்லை மட்டும் பார்த்துவிட்டு வருவதில் பிரயோஜனம் இல்லை.

பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாவதற்கு அவர் உழைத்ததை எழுதும்போது தரங்கம்பாடியைச் சேருங்கள். 1919 மே மாதம் முப்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள், பெரும்பாலும் இந்தியர்கள், அங்கே கூடித்தான் ஒன்றாவோம் என்று அறிக்கை விட்டார்கள். 1927இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் நடந்த சபை ஐக்கிய மாநாட்டில் அசரியா இன்னும் காரமாகப் பேசினார், பிரிவினை மேல்நாட்டில் பலவீனம், மிஷன் களத்தில் அது பாவம் என்று. 1947இல் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் அந்த ஐக்கியம் நடந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அவர் இல்லை.

மேடையில் பேசுவதாக இருந்தால் இவ்வளவும் தாங்காது. இருபது நிமிடப் பேச்சுக்கு யாழ்ப்பாணம், எடின்பரோ, தலைமேல் வைத்த கை, இந்த மூன்றும் போதும், தேதிகளில் 1903, 1910, 1912 மட்டும் சொல்லுங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கென்றால் மாட்டு வண்டியில் தொடங்கிவிடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் எல்லா வருடங்களையும் எலும்புக்கூட்டுத் தாளோடு ஒருமுறை ஒப்பிடுங்கள், மெய்ப்பு வந்த பிறகு இன்னொரு முறை, ஏனென்றால் 1912 அச்சகத்தில் 1921 ஆவது நடக்கிற காரியம்தான். படத்துக்குக் கீழே யார், எந்த வருடம், யார் கொடுத்த படம் என்று எழுதுங்கள். "அன்னார்" என்ற சொல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்து எல்லாவற்றையும் "அவர்" ஆக்குங்கள். மலர் வந்ததும் ஒரு பிரதியை வெள்ளாளன்விளை ஆலயத்துக்கும் ஒன்றை டோர்ணக்கலுக்கும் தபாலில் அனுப்பிவிடுங்கள், அதில் தப்பு இருந்தால் முதலில் கண்டுபிடிக்கப் போகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.